மரக்காணம் – கழுவெளிக் கரையின் பருவக் கடி ஈக்கள்: இனப்பகுப்பு, சொல்வழக்கு, கால்நடை நலம்

ஆய்வுச்சுருக்கம்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கரையும் அதற்கு மேற்கே கிளியனூர் வரை விரியும் ஏரிப்பாசன நிலமும் வடகிழக்குப் பருவமழையின் போதும் அதனையடுத்த திங்கள்களிலும் குருதியுண்ணும் ஈக்களின் பெருக்கத்திற்கு ஏற்ற சூழலைக் கொண்டவை. மக்கள் வழக்கில் இவை ‘மாட்டு ஈ’, ‘கொசு’ என்னும் இரு பொதுப்பெயர்களுள் அடங்கிவிடுகின்றன. ஆயினும் இவற்றுள் பிறப்பிடம், கடிக்கும் நேரம், நோய் கடத்தும் முறை ஆகியவற்றால் முற்றிலும் வேறுபட்ட மூன்று குழுக்கள் உள்ளன. பெயர் ஒன்றானதால் தடுப்புமுறையும் ஒன்றெனக் கருதப்படுவதையும், அதனால் ஆடு மாடுகளுக்கு நேரும் இழப்பையும் இக்கட்டுரை விளக்குகின்றது. மூட்டம் இடுதல், எரு அள்ளுதல், கிடை கட்டுதல் ஆகிய வழக்காறுகள் எந்த ஈக்கு எதிராகப் பயன்படும், எந்த ஈக்கு எதிராகப் பயன்படா என்பதும் ஆராயப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: கடி ஈ, குதிரை ஈ, தொழுவ ஈ, கடிநுளம்பு, நீலநாக்கு நோய், கழுவெளி, மரக்காணம், கிளியனூர், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

ஈ என்றவுடன் உணவில் மொய்க்கும் வீட்டு ஈயே நினைவிற்கு வருகின்றது. அது கடிப்பதில்லை, நீர்மப் பொருளை ஒற்றி உறிஞ்சும் வாயுறுப்பே அதற்கு உண்டு. தோலைக் கீறியோ துளைத்தோ குருதி உண்ணும் ஈக்கள் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. கால்நடை வளர்ப்போர் இவ்வேறுபாட்டை மாட்டின் நடத்தையிலிருந்தே அறிவர். வாலை வீசி ஓட்டும் ஈ ஒன்று. காலை உதைத்து ஓட்டும் ஈ மற்றொன்று. இரவில் ஆட்டுக் கூட்டத்தை உறங்கவிடாமல் அலைக்கழிக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஈ வேறொன்று. இவ்வறிவு செயல்முறையில் இருப்பினும் பெயரில் பதிவாகவில்லை. இதுவே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் சிக்கலாகும்.

உயிரினங்களை வகைப்படுத்தி நோக்குதல் தமிழ் மரபிற்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாகப் பகுத்து, நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களாகக் கொள்கின்றது. புலனறிவை அடிப்படையாகக் கொண்ட அப்பகுப்பு, பூச்சிகள் எதனை உணர்ந்து எதனை நாடுகின்றன என்னும் வினாவிற்கு இடமளிப்பது. குருதியுண்ணும் ஈக்களை வேறுபடுத்தி அறிவதற்கும் இவ்வினாவே தொடக்கமாகும்.

நிலமும் பருவமும்

கிளியனூர், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் அமைந்த ஊர். அதன் கிழக்கே கழுவெளி என்னும் பரந்த, ஆழமற்ற நீர்நிலை உள்ளது. தெற்கிலும் மேற்கிலும் உள்ள ஏரிகளின் மிகைநீர் கழுவெளியில் சேர்ந்து, உப்பங்கழி வழியாக மரக்காணத்தை ஒட்டிய கழிமுகத்தை அடைந்து கடலில் கலக்கின்றது. கழிமுகத்தைச் சூழ்ந்து உப்பளங்கள் அமைந்துள்ளன. தமிழ்நாடு அரசு 2021 திசம்பரில் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அதன் பரப்பு 5,000 எக்டேருக்கும் மேற்பட்டது.

இந்நிலப்பகுதியில் கடலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லச் செல்ல நீரின் உப்புத்தன்மை படிப்படியாகக் குறைகின்றது. உப்பளத்தில் கடல்நீரினும் பன்மடங்கு செறிந்த உப்புநீர், கழிமுகத்தில் கடல்நீர், கழுவெளியின் வடகிழக்கில் உவர்நீர், அதன் தென்மேற்கு விளிம்பிலும் கிளியனூர்ப் பக்கத்து ஏரிகளிலும் நன்னீர். இடையிடையே நெல்வயலும் சவுக்குத் தோப்பும் முந்திரித் தோப்பும் பனைவரிசையும் உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சமான புதர்க்காடுகளும் காணப்படுகின்றன. ஈக்களின் பரவலைப் புரிந்துகொள்ள இவ்வுப்புப் படிநிலை இன்றியமையாதது.

ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பொழிகின்றது. அப்போது உப்பளங்கள் நீரில் மூழ்க, உப்பு விளைச்சல் நின்றுவிடும். கழுவெளி நிரம்பும், தொழுவங்கள் ஈரமாகும், வைக்கோல் நனையும். மழை ஓய்ந்தபின் நீர் பின்வாங்க, அதன் விளிம்பில் சேற்றுப் பட்டை ஒன்று நாள்தோறும் இடம்பெயரும். கோடையில் கழுவெளியின் பெரும்பகுதி வறண்டு மேய்ச்சல் நிலமாகின்றது. ஆடு மாடுகள் விட்டுச் செல்லும் சாணமும் புழுக்கையும் அடுத்த மழையில் அச்சேற்றோடு கலக்கின்றன. ஆகவே மழை, சேறு, சாணம், கால்நடை ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடும் காலமே கடி ஈக்களின் காலம் எனலாம்.

சொல்வழக்கில் உள்ள சிக்கல்

தமிழில் சிறு பறவைப்பூச்சிகளைக் குறிக்கக் கொசு, கொசுகு, கொதுகு, உலங்கு, நுளம்பு எனப் பல சொற்கள் உண்டு. இவற்றுள் தமிழ்நாட்டுப் பேச்சில் இன்று நிலைபெற்றது ‘கொசு’. இலங்கைத் தமிழில் அதே பூச்சிக்கு ‘நுளம்பு’ என்பதே பொதுவழக்கு. அகராதிகளோ நுளம்பு என்பதற்குக் கொசு என்னும் பொருளோடு, கொசுவினும் சிறிய பூச்சி என்னும் பொருளையும் தருகின்றன. இவ்விரண்டாம் பொருள் தமிழ்நாட்டு எழுத்துவழக்கில் ஏறத்தாழப் பயனற்றுக் கிடக்கின்றது.

இத்தகைய குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் ‘சாண்ட்ஃபிளை’ என்னும் பெயர், காலா அசார் நோயைப் பரப்பும் ஃபிளெபோடோமஸ் இனத்தைக் குறிக்கின்றது. ஆத்திரேலியக் கடற்கரையில் கியூலிகாய்டிஸ் முதலியவற்றையும், நியூசிலாந்தில் ஓடும் நீரில் பிறக்கும் கறுப்பு ஈக்களையும் குறிக்கின்றது. அச்சொல்லை ‘மணல் ஈ’ எனத் தமிழில் பெயர்க்கும்போது அக்குழப்பமும் உடன்பெயர்கின்றது. மரக்காணத்து மணற்கரையில் மாலையில் கடிக்கும் பூச்சியை ‘மணல் ஈ’ என்று எழுதினால், அது காலா அசாரோடு தொடர்புடையது என்னும் பிழையான அச்சத்திற்கு வழிவகுக்கும்.

இக்கட்டுரையில் டபானிடே குடும்பத்து ஈக்கள் பாடநூல் வழக்கை ஒட்டிக் ‘குதிரை ஈ’ எனவும், ஸ்டோமாக்ஸிஸ் இனம் ‘தொழுவ ஈ’ எனவும், கியூலிகாய்டிஸ் இனங்கள் ‘கடிநுளம்பு’ எனவும் சுட்டப்பெறுகின்றன. கடிநுளம்பு என்னும் ஆக்கம், நுளம்பு என்பதன் ‘சிறுபூச்சி’ என்னும் பொருளை மீட்டெடுப்பது. ‘கடி’ என்னும் அடைமொழியால் இலங்கை வழக்கிலும் பொருள் மயங்காதிருப்பது.

குதிரை ஈ

இவை 1 முதல் 2.5 செ.மீ. வரை நீளமுள்ள பருத்த ஈக்கள். பெரிய கண்கள் பலவற்றில் பச்சை நிறமும் பட்டைகளும் கொண்டு மின்னும். ஆண் ஈ பூந்தேனும் செடிச்சாறும் உண்டு வாழ்கின்றது. பெண் ஈயே முட்டை வளர்ச்சிக்காகக் குருதியை நாடுகின்றது. அதன் வாயுறுப்பு ஊசி போன்றதன்று, கத்தரிக்கோல் போன்றது. தோலை வெட்டிக் கசியவிட்டு, தேங்கிய குருதியை நக்கி உண்பதால் கடி மிகுந்த வலி தருகின்றது. வலியால் மாடு வாலை வீச, ஈ உணவை முடிக்காமல் பறந்து அடுத்த மாட்டின் மேல் அமரும்.

இம்முற்றுப்பெறா உணவே நோய்ப் பரவலுக்குக் காரணம். வாயுறுப்பில் ஒட்டிய குருதி உலர்வதற்குள் அடுத்த விலங்கின் உடலில் கலக்கின்றது. நோய்க்கிருமி ஈயின் உடலில் வளர்வதில்லை. ஈ இங்கே தூய்மை செய்யப்படாத ஊசியின் வேலையைச் செய்கின்றது. மாடு, எருமை, குதிரை, ஒட்டகம் ஆகியவற்றைத் தாக்கும் சர்ரா நோய் இவ்வாறு பரவுவது. 1880இல் அன்றைய பஞ்சாபின் தேரா இசுமாயில் கான் பகுதியில் கிரிஃபித் இவான்ஸ் என்னும் கால்நடை மருத்துவர், நோயுற்ற குதிரை, ஒட்டகங்களின் குருதியில் இந்நோய்க்குரிய ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். பாலூட்டிகளில் நோய் விளைவிக்கும் டிரிப்பனோசோமா ஒன்று கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. அவ்வொட்டுண்ணி இன்றும் அவர் பெயரால் டிரிப்பனோசோமா இவான்சி என வழங்குகின்றது.

பெண் குதிரை ஈ நீரை ஒட்டிய கோரை, புல் முதலியவற்றின் இலைகளில் நூற்றுக்கணக்கான முட்டைகளைத் திரளாக இடுகின்றது. புழுக்கள் ஈரச் சேற்றில் விழுந்து பிற சிற்றுயிர்களை உண்டு வளர்கின்றன. ஆகவே இதன் பிறப்பிடம் தொழுவம் அன்று. ஏரிக்கரையும் கழுவெளி விளிம்புமே. வெயில் ஏறிய பகற்பொழுதில், தோப்பின் ஓரத்திலும் நீர்நிலைக்குச் செல்லும் வழியிலும் இது காத்திருந்து தாக்கும். அசையும் பெரிய கருநிற உருவமும் அதிலிருந்து எதிரொளிக்கும் ஒளியும் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவும் இதனை ஈர்க்கின்றன. 2019இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வொன்றில், கறுப்பு மாடுகளின் உடலில் வரிக்குதிரை போல வெள்ளைக் கோடுகள் தீட்டியபோது அவற்றின் மேல் அமர்ந்த கடி ஈக்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஈயைப் பொறுத்தவரை உடலின் தோற்றமே அழைப்பாக அமைகின்றது என்பதனை இது காட்டுகின்றது.

தொழுவ ஈ

தோற்றத்தில் இது வீட்டு ஈயைப் போன்றது. தலையின் அடியிலிருந்து முன்னோக்கி நீண்டிருக்கும் விறைப்பான உறிஞ்சுகுழலே வேறுபடுத்தும் அடையாளம். ஆண், பெண் இரண்டுமே குருதி உண்பவை. பெரும்பாலும் மாட்டின் கால்களையே கடிக்கும். மாடுகள் ஓயாது காலை உதைப்பதும், ஒன்றோடொன்று நெருங்கி நிற்பதும், தண்ணீரில் இறங்கி நிற்பதும் இதன் வருகையைத் தெரிவிக்கும் குறிகள். உணவுண்ட ஈ அருகிலுள்ள சுவரிலோ வேலியிலோ வெயில் படும் இடத்தில் அமர்ந்து செரிக்கும். எனவே நாளின் பெரும்பகுதியை அது மாட்டின் மேல் அன்றி மாட்டிற்கு வெளியே கழிக்கின்றது. மாட்டின் உடலில் மட்டும் மருந்து பூசுவதால் இதனை முழுமையாகக் கட்டுப்படுத்த இயலாமைக்கு இதுவே காரணம்.

இதன் பிறப்பிடம் புதிய சாணம் என்பது பரவலான எண்ணம். உண்மையில் கோமியமும் சாணமும் கலந்து மட்கத் தொடங்கிய வைக்கோலையே இது பெரிதும் விரும்புகின்றது. மாடு தின்று கழித்த வைக்கோல், தொழுவ மூலையில் மிதிபட்டு நனைந்து கிடக்கும் கூளம், எருக்குழியின் ஈர விளிம்பு ஆகியனவே இதன் நாற்றங்கால். அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கடற்கரையில் அலை ஒதுக்கிய கடற்புற்களின் அழுகலிலும் இது பெருகுவது அறியப்பட்டுள்ளது. இதனால் அழுகும் நார்ப்பொருளும் ஈரமுமே இதன் அடிப்படைத் தேவைகள் என்பது தெளிவாகும். வெப்பநிலங்களில் முட்டை ஈயாவதற்கு இரண்டு முதல் மூன்று வாரங்கள் போதும்.

தோல் கழலை நோய் இவ்வீயின் முதன்மையைப் புதிதாக உணர்த்தியது. 1929இல் இன்றைய சாம்பியாவில் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய் 2019இல் ஒடிசாவில் இந்தியாவிற்குள் கண்டறியப்பட்டது. 2022இல் இராசத்தான், குசராத்து முதலிய மாநிலங்களில் பெருந்தொற்றாகி, நாட்டளவில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மாடுகளின் உயிரிழப்பிற்குக் காரணமாயிற்று. தமிழ்நாட்டு மாடுகளும் இந்நோய்க்கு ஆளாயின. இதன் தீநுண்மி தொழுவ ஈ, கொசு, உண்ணி முதலியவற்றின் வாயுறுப்புகளில் ஒட்டிப் பரவுகின்றது. ஒரு மாட்டை மட்டுமே நம்பிப் பால் விற்று வாழும் குடும்பத்திற்கு, மூலையில் நனைந்து கிடக்கும் கூளம் வெறும் குப்பை அன்று. அது இடர்ப்பாட்டின் தோற்றுவாய்.

கடிநுளம்பு

மூன்றனுள் மிகச் சிறியதும் மிகுந்த இழப்பை விளைவிக்கக்கூடியதும் இதுவே. நீளம் 1 முதல் 3 மி.மீ.; இறக்கைகளில் பெரும்பாலும் புள்ளிகள் இருக்கும். அந்தியிலும் இரவிலும் விடியலிலும் கடிக்கும். இதன் தடுப்பிற்குக் கொசுவலை கட்டுவது வழக்கம். ஆனால் இயல்பான கொசுவலையின் கண்களுக்குள் இது எளிதில் நுழைந்துவிடும். ‘கொசு’ என்னும் பெயர் எவ்வாறு தவறான தடுப்பிற்கு இட்டுச்செல்கின்றது என்பதற்கு இஃது ஒரு சான்று. தேங்கிய நீரை வடிப்பதும் அத்தகையதே. கொசுப்புழு நீரில் நீந்தி வளர்வது. கடிநுளம்பின் புழு பெரும்பாலும் ஈரச் சேற்றிலும் சாணம் கலந்த மண்ணிலும் வளர்வது. நீரை வடித்து ஈரச்சேற்றை விட்டுவைத்தால் கொசு குறையலாம், கடிநுளம்பு குறையாது.

செம்மறியாட்டின் நீலநாக்கு நோயைக் கடத்துவது இதுவே. இந்நோயில் காய்ச்சல், வாய்ப்புண், உதட்டு வீக்கம், மூக்கொழுகல், குளம்பின் மேல்விளிம்பில் அழற்சி, நொண்டுதல் ஆகியன தோன்றும். கடுமையான நிலையில் நாக்கு நீலம் பாரிக்கும். தென்னாப்பிரிக்காவில் ஐரோப்பியச் செம்மறி இனங்கள் கொண்டுவரப்பட்டபின் விரிவாக அறியப்பட்ட இந்நோயைக் கியூலிகாய்டிஸ் பூச்சிகளே கடத்துகின்றன என்பதை 1944இல் டு டாய்ட் என்னும் அந்நாட்டு ஆய்வாளர் நிறுவினார். இந்தியாவில் 1964இல் மராட்டியத்திலிருந்து முதல் அறிக்கை வெளிவந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் பருவமழைக்குப் பின் இந்நோய் தொடர்ந்து தோன்றிவருகின்றது. வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் நாட்டினச் செம்மறிகள் வெளிக்குறி காட்டாமல் தொற்றைத் தாங்குவதுண்டு. தென்னிந்தியாவில் நாட்டினங்களே கடுமையாகப் பாதிக்கப்படுவது இந்நோயின் தனித்தன்மையாகும். விழுப்புரம் உள்ளிட்ட வடதமிழ்நாட்டு மாவட்டங்களில் வளர்க்கப்படும் சென்னைச் சிவப்பு இனத்திற்கும் இவ்விடர் உண்டு.

இந்நோய்ப் பரவலின் முறையும் வேறு. குதிரை ஈயும் தொழுவ ஈயும் கிருமியைத் தூக்கிச் செல்லும் ஊசிகள் என்றால், கடிநுளம்பு அதனை விளைவிக்கும் வயல். நோயுற்ற விலங்கின் குருதியை உண்ட ஒன்று முதல் இரண்டு வாரங்களில் தீநுண்மி அதன் உடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றது. அதன்பின் அந்நுளம்பு வாழும் நாள்வரை கடத்தும் தன்மையோடிருக்கும். ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டிற்குத் தொடுதலால் இந்நோய் பரவுவது பொதுவாக இல்லை. மாடுகளோ பெரும்பாலும் நோய்க்குறி காட்டாமலே பல வாரங்கள் தீநுண்மியைக் குருதியில் கொண்டிருக்கக்கூடும். ஆகவே நோயுற்ற ஆட்டை ஒதுக்கிக் கட்டுவது மட்டும் போதாது. நலமாகத் தோன்றும் மாடும் கண்ணுக்குத் தெரியாத நுளம்பும் சேர்ந்து தொற்றை நிலைநிறுத்துகின்றன.

உப்பளத்து ஈ

மரக்காணம் உப்பளப் பாத்திகளின் ஓரம் கரும்புள்ளிகளாக ஈக்கள் மொய்க்கும் காட்சி, உப்பளமே கடி ஈக்களின் பிறப்பிடம் என்னும் எண்ணத்தைத் தரக்கூடும். செறிந்த உப்புநீரில் வாழும் எஃபைட்ரிடே குடும்பத்து ஈக்கள் பாசியையும் நுண்ணுயிர்களையும் உண்பவை, கடிப்பன அல்ல. இவற்றின் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வலசைவரும் கரைப்பறவைகளுக்கு உணவாகின்றன. அவ்வாறே விளக்கொளியில் திரளும் கைரோனோமிடே குடும்பத்துப் பூச்சிகள் உருவில் கொசுவை ஒத்திருப்பினும் கடிக்கும் வாயுறுப்பு இல்லாதவை. இவற்றின் செந்நிறப் புழுக்களும் நீர்ப்பறவைகளின் உணவே.

உப்பு செறியச் செறியக் கடி ஈக்களின் புழுக்கள் வாழ இயலாது. விளைச்சல் நடக்கும் பாத்தியில் அவற்றிற்கு இடமில்லை. உப்பளத்திற்கு வெளியே, மழைநீர் கலந்து உப்புக் குறைந்த கழி விளிம்பிலும் கால்நடை நடமாடும் சேற்றிலுமே அவற்றிற்கு இடமுண்டு. இவ்வேறுபாட்டை அறியாமல் நீர்நிலைப் பரப்பெங்கும் பூச்சிக்கொல்லி தெளிப்பது, கடிக்காத பூச்சிகளை அழித்துப் பறவைகளின் உணவைக் குறைக்கும். கடிக்கும் பூச்சிகளின் நாற்றங்கால்களை விட்டுவைக்கும். சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியின் எல்லையில் வாழும் கால்நடை வளர்ப்போருக்கும் பறவைப் பாதுகாப்பிற்கும் இடையே முரண் எழ வேண்டிய தேவை இல்லை என்பது இதனால் புலனாகும்.

வழக்காறுகளும் அவற்றின் எல்லையும்

மூட்டம் இடுதல்: அந்தியில் தொழுவத்திற்கு அருகே வேப்பிலை, நொச்சித் தழை, காய்ந்த வரட்டி ஆகியவற்றைப் புகையவிடுவது தமிழகச் சிற்றூர்களில் பரவலான வழக்கம். அந்தியில் கடிக்கும் கடிநுளம்பையும் கொசுவையும் புகை விலக்கக்கூடும் என்பதால் இவ்வழக்கத்தின் நேரம் பொருத்தமானதே. பகலில் கடிக்கும் குதிரை ஈக்கும் தொழுவ ஈக்கும் எதிராக அந்திப் புகை பயன்படாது. புகை ஓய்ந்த நள்ளிரவிலும் விடியலிலும் நுளம்பு மீண்டும் வரும் என்பதும் கருதத்தக்கது. மூடிய தொழுவத்தில் அடர்புகை ஆடு மாடுகளின் மூச்சுக்குக் கேடு. வேம்பின் பயனுக்கு ஆய்வுச் சான்று உண்டு. 1990களில் தில்லி மலேரியா ஆய்வு மையத்தினர், தேங்காயெண்ணெயில் 2 விழுக்காடு வேப்பெண்ணெய் கலந்து தோலில் பூசுவது கொசுக்கடியைத் தடுப்பதாகக் கண்டனர். புகையினும் பூச்சு கடிக்கும் இடத்திலேயே நின்று காப்பது.

எரு அள்ளுதல்: தொழுவ ஈக்கு எதிரான மிகச் சிறந்த கருவி மண்வெட்டியே. ஈயின் வளர்ச்சிக்கு இரண்டு வாரங்களேனும் தேவை என்பதால், ஈரக் கூளத்தை வாரம் ஒருமுறை அள்ளி மெல்லிய படலமாகப் பரப்பி உலர்த்தினாலும், குவித்து மண்ணாலோ நெகிழித்தாளாலோ இறுக மூடினாலும் புழுக்கள் ஈயாவதற்குள் அழியும். போகியிலும் மாட்டுப் பொங்கலிலும் தொழுவத்தைத் துப்புரவு செய்யும் மரபு மழைக்காலத்தின் முடிவில் வருகின்றது. ஆண்டின் ஈரக் கூளம் அனைத்தும் அப்போது அகற்றப்படுகின்றது. ஆயின் ஐப்பசிக்கும் தைக்கும் இடையே ஈ பல தலைமுறைகளைக் கடந்துவிடும். ஆண்டிற்கொருமுறை செய்யும் துப்புரவை மழைக்காலத்தில் வாரத்திற்கொருமுறை செய்வதே தேவைப்படும் மாற்றம்.

கிடை கட்டுதல்: அறுவடைக்குப் பின் வயலில் இரவில் ஆட்டுக்கிடை அமைத்து எருவூட்டுவது தமிழக வேளாண்மையின் நெடுநாள் மரபு. நிலவளத்திற்கு நன்மை தரும் இம்மரபு, கடிநுளம்பை நோக்க ஓர் இடர்ப்பாட்டையும் உடையது. ஈரம் உலராத வயலும், புதிய புழுக்கையும், அசையாது படுத்திருக்கும் ஆட்டுக்கூட்டமும், இரவுப்பொழுதும் ஒருங்கே அமைகின்றன. கடிநுளம்பு வலிமையற்ற பறப்புடையது. காற்று வீசும் இடத்தில் அதனால் விலங்கை அணுக இயலாது. ஆகவே மழைக்காலத்திலும் மழை ஓய்ந்த முதல் வாரங்களிலும் பள்ளத்து வயலைத் தவிர்த்து, காற்றோட்டமுள்ள மேட்டு நிலத்தில் கிடையை அமைப்பது தக்கது. நிலம் உலர்ந்தபின் வயலுக்கு இறக்கலாம். மரபைக் கைவிடாமல் அதன் காலத்தையும் இடத்தையும் சற்றே மாற்றுவதால் இழப்பு குறையும்.

இவற்றோடு புதிய கருவிகள் சிலவும் இணையத்தக்கன. கென்யாவில் உருவாக்கப்பட்ட ‘நிசி’ பொறி நீலத் துணியும் கறுப்புத் துணியும் வலையும் கொண்டு தைக்கப்படுவது. குதிரை ஈ, தொழுவ ஈ ஆகிய இரண்டையும் பிடிக்க வல்லது. சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்கு ‘ஈ’ என்பதே பொருள். ஊர்த் தையற்காரர் செய்யக்கூடிய எளிமை அதற்குண்டு. நீலநாக்கு நோய்க்கு 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து தீநுண்மி வகைகளுக்கு எதிரான, செயலிழக்கச் செய்யப்பட்ட தடுப்பூசி இந்தியாவில் உள்ளது. எதிர்ப்பாற்றல் உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால் அது மழைக்கு முன்பே, ஆவணி – புரட்டாசியில் இடப்பெற வேண்டும். ஆடுகள் நொண்டத் தொடங்கியபின் இடும் ஊசி அவ்வாடுகளைக் காக்காது. குதிரை ஈ கடத்தும் நோய்களுக்கு இடைவெளியே காப்பு. அமெரிக்கக் குதிரை வளர்ப்பில் தொற்றுள்ள குதிரையைப் பிறவற்றிலிருந்து 200 கெசத் தொலைவில் நிறுத்துமாறு கூறுவர். ஈ அத்தொலைவைக் கடப்பதினும் அருகிலுள்ள அதே விலங்கிற்குத் திரும்புவதையே விரும்பும் என்பது அதன் அடிப்படை.

முடிவுரை

மரக்காணம் – கழுவெளிக் கரையில் ‘மாட்டு ஈ’, ‘கொசு’ என வழங்குவனவற்றுள் குறைந்தது மூன்று வேறுபட்ட குருதியுண்ணிகள் அடங்கியுள்ளன. குதிரை ஈ நீர்விளிம்பில் பிறந்து நண்பகலில் உடலைத் தாக்குவது. தொழுவ ஈ ஈரக் கூளத்தில் பிறந்து பகலில் காலைக் கடிப்பது. கடிநுளம்பு சாணம் கலந்த சேற்றில் பிறந்து அந்தியிலும் இரவிலும் ஆட்டை நாடுவது. முதலிரண்டும் கிருமியைச் சுமப்பன. மூன்றாவது அதனைப் பெருக்குவது. இடைவெளி, மண்வெட்டி, மழைக்கு முந்தைய தடுப்பூசியோடு கூடிய மேட்டுக்கிடை என்பன முறையே இவற்றிற்குரிய முதன்மைக் காப்புகள்.

கால்நடைத் துறையின் அறிவுரைத் தாள்களிலும் பாடநூல்களிலும் இம்மூன்றிற்கும் தனித்தனிப் பெயர்கள் ஒரே சீராகக் கையாளப்படுதல் வேண்டும். கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் ஆய்வாளர் பயன்பாட்டை முன்வைத்தே நிகழ்கின்றது. இங்கு அதனை முதலில் வேண்டிநிற்பவர் ஆட்டுக்கிடையின் காவலரும் தொழுவம் கூட்டும் பெண்டிருமே. எந்த ஈ கடித்தது என்பதனை ஒரு சொல்லால் கூற இயலுமாயின், கால்நடை மருத்துவர் கேட்கும் அடுத்த வினாக்கள் பாதியாகக் குறையும். மாடு காலை உதைக்கின்றதா, வாலை வீசுகின்றதா என அவர்கள் நாள்தோறும் கண்டுணரும் வேறுபாட்டின் மேல் பெயரை அமைப்பதே பயன்தரும் முறை. கிளியனூர் முதலிய கழுவெளிக் கரையூர்களில் இன்றும் வழங்கும் ஈப்பெயர்களைக் களத்தில் தொகுத்து, பூச்சியின் மாதிரியோடு பொருத்திப் பதிவுசெய்தல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.